பகுதித் திட்டத்தில் குடியேறியவர்களின் பங்கு: எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஒரு நகரின் ஒரு பகுதிக்குப் புதிதாகத் திட்டம் போடப் போகிறார்கள். உயரமான கட்டடம் எங்கே வரலாம், எந்தத் தெருவில் கடை வைக்கலாம், காலி மனையில் வீடா பூங்காவா, பேருந்து எங்கே நிற்கும் என்பதையெல்லாம் அடுத்த 15, 20 ஆண்டுகளுக்கு அந்தத் திட்டம் முடிவு செய்துவிடும். அங்கே குடியிருப்பவர்களில் பாதிப்பேர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள், அல்லது பல தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தும் சிறுபான்மை இனத்தவராகவே பார்க்கப்படுபவர்கள். வீடுகளில் பேசும் மொழிகள் 10க்கு மேல். பெரும்பாலோர் வாடகைக்கு இருக்கிறார்கள். பலர் இரவுப் பணிக்குப் போகிறார்கள். சிலருக்கு வாக்குரிமை இல்லை. இவர்களை எந்த வழியில் திட்டத்துக்குள் கொண்டுவருவது?

மாநகராட்சி அலுவலர், பகுதி மக்கள் சங்கத்தில் இருப்பவர், "உங்கள் கருத்தைச் சொல்ல வாருங்கள்" என்று அழைக்கப்பட்ட குடியேறியவர் என யாராக இருந்தாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஐந்தாறு வழிகள் உண்டு. ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு நகரம் செய்து பார்த்திருக்கிறது. அவற்றை ஒப்பிட மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். மக்களை அழைக்கும் நேரத்தில் இன்னும் முடிவாகாமல் இருப்பது என்ன? அவர்கள் செலவிடும் நேரத்துக்கு யாராவது பணம் தருகிறார்களா? அவர்கள் சொன்னதை ஒதுக்கிவிட்டால் அவர்களால் என்ன செய்ய முடியும்?

மூன்றாவது கேள்வி பழையதுதான். 1969இல் அமெரிக்காவின் ஷெரி ஆர்ன்ஸ்டைன் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானத்துக்காக ஓரிரு இடம் ஒதுக்குவது எல்லாம் நடுப் படிகள். சேர்ந்து முடிவெடுப்பதும் அதிகாரத்தை ஒப்படைப்பதும் மேல் படிகள். பெரும்பாலான நகரங்கள் நடுப் படியில் நின்றுகொண்டு மேல் படியின் பெயரைச் சொல்கின்றன.

பொதுக்கூட்டமும் மொழிபெயர்ப்பாளரும்

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். அறிவிப்பை நாலைந்து மொழிகளில் அச்சடித்து, மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்து, மொழிபெயர்ப்பாளர்களை உட்கார வைப்பது. செலவு குறைவு, நாள் குறைவு, சட்டத்துக்கும் கணக்குக் காட்டலாம்.

ஆனால் பொதுக்கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பது தெரிந்த விஷயம். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிழக்கு மாசசூசெட்ஸின் 97 ஊர்களில் நடந்த திட்டமிடல் கூட்டங்களின் குறிப்புகளை எடுத்து, பேசியவர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேசியவர்களில் வயதானவர்கள், ஆண்கள், சொந்த வீடு உள்ளவர்கள், நெடுநாள் குடியிருப்பவர்கள் ஆகியோரின் பங்கு ஊரில் அவர்களுக்கு இருந்த பங்கைவிட அதிகம். பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டங்கள் ஜூமுக்கு மாறியபோதாவது நிலைமை மாறியதா என்று அதே குழுவினர் திரும்பப் பார்த்தார்கள். பெரிதாக மாறவில்லை. ஆகவே வீட்டிலிருந்தே பேசும் வசதி வந்துவிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று நம்பி முடிவெடுக்கக் கூடாது.

மொழியும் சொற்களோடு முடிவதில்லை. 'நில உபயோக மண்டலம்', 'தளப்பரப்புக் குறியீடு' என்று தமிழில் எழுதிவிடலாம். பிறப்பிலிருந்து தமிழ் பேசும் ஒருவருக்கே அது என்ன என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். "உங்கள் தெருவில் இப்போது மூன்று மாடி கட்டலாம், இனி எட்டு மாடி கட்டலாம், அதனால் உங்கள் வீட்டுக்காரர் இந்தக் கட்டடத்தை விற்றுவிட வாய்ப்பு உண்டு" என்று சொன்னால்தான் அது மொழிபெயர்ப்பு. கூட்டத்தில் பேச்சோடு பேச்சாக மொழிபெயர்ப்பவரால் இதைச் செய்ய முடியாது. அவருக்கு அதற்கு நேரமும் இல்லை, உரிமையும் இல்லை.

இன்னொன்று: வாசலில் வைக்கிற வருகைப் பதிவேடு. பெயர், முகவரி, கையெழுத்து. ஆவணங்கள் சரியாக இல்லாத ஒருவரோ, அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பவரோ அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். கூட்டம் காவல் நிலையத்தை ஒட்டிய அரசுக் கட்டடத்தில் நடந்தால் வாசல்வரைகூட வரமாட்டார்.

மொழிபெயர்ப்பு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. அதை மட்டும் செய்துவிட்டு "சேர்த்துக்கொண்டோம்" என்று எழுதுவது சரியல்ல.

சமூகத்துக்குள்ளிருந்தே தொடர்பாளர்கள்

சியாட்டில் நகரத்தின் அனுபவம் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிகிறது. அங்கே 1990களில் பகுதி பகுதியாக மக்களே திட்டம் எழுதினார்கள். நாட்டிலேயே முன்மாதிரி என்று பேசப்பட்டது. ஆனால் அந்த வேலையில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், சொந்த வீடு உள்ளவர்கள். 2009 வாக்கில் தென்கிழக்கு சியாட்டிலில் புதிய ரயில் நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதிகளின் திட்டங்களைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. கிழக்கு ஆப்பிரிக்கா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், லத்தீன் அமெரிக்கா என்று பல இடங்களிலிருந்து வந்த மக்கள் அடர்த்தியாக வாழும் இடம் அது. பழைய முறையில் கூட்டம் போட்டால் அவர்கள் வரமாட்டார்கள் என்று நகரத்துக்குப் புரிந்திருந்தது.

அதனால் ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் இரு மொழி தெரிந்தவர்களைத் தொடர்பாளர்களாகச் சேர்த்தார்கள். அவர்கள் செய்யும் வேலைக்கு மணிக்கணக்கில் சம்பளம் தந்தார்கள். மொழிபெயர்ப்பது அவர்கள் வேலையில் ஒரு சிறு பகுதிதான். தங்கள் மக்கள் கூடும் இடத்தில், அவர்களுக்குத் தோதான நேரத்தில், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை அவர்கள் மொழியிலேயே கூட்டத்தை நடத்தினார்கள். அப்புறம் அங்கே பேசியதை ஆங்கிலத்தில் எழுதி நகரத்திடம் கொடுத்தார்கள்.

பொதுக்கூட்டத்தில் குடியேறியவர் அதிகாரியின் மொழியை எட்டிப் பிடிக்க வேண்டும். இங்கே அதிகாரிதான் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். யார் தயங்கித் தயங்கிப் பேசுகிறார்கள் என்பது மாறிவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கும் இந்த வழி நேராகப் பதில் சொல்கிறது. ஆலோசனை நிறுவனத்துக்கும் பொறியாளருக்கும் பணம் கொடுத்துவிட்டு, பகுதியைப் பற்றி அவர்களைவிட அதிகம் தெரிந்தவரை மட்டும் இலவசமாக வரச் சொல்வது நியாயமே இல்லை. 2016இல் அதே நகரத்தின் மேயர், பகுதிவாரியாகத் தன்னார்வலர்கள் நடத்திவந்த பழைய மாவட்ட மன்றங்களோடு இருந்த முறையான தொடர்பை நிறுத்திவிட்டார். அவை நகர மக்களின் பன்மையைக் காட்டவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். பல ஆண்டு உழைத்த தன்னார்வலர்களுக்கு அது பெரிய வருத்தம். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அவர்கள் யாரையும் வெளியே தள்ளவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்திருப்பது வேறு, தேடிப் போய் அழைப்பது வேறு.

குறைகள் இல்லாமல் இல்லை. தொடர்பாளர் நகரத்திடம் சம்பளம் வாங்குகிறார். நகரத்தின் திட்டமே தவறு என்று அவர் மக்கள் சொன்னால், அதை மழுப்பாமல் எழுதும் துணிச்சல் அவருக்கு வேண்டும், எழுதினாலும் வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும். ஒரு சமூகத்துக்கு ஒரே ஒருவர் என்றால் அவரே வாயிற்காவலராகவும் ஆகிவிடுவார். ஒரே மொழி பேசுகிறவர்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. மூத்த ஆண்கள் நடத்தும் சங்கம், கடைக்காரர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் — இவர்களுக்கு ஒரே பூங்காவைப் பற்றிக்கூட வேறு வேறு கருத்து இருக்கும். சாதி, மதப்பிரிவு, எந்த ஆண்டு வந்தார்கள், எந்தப் போருக்குத் தப்பி வந்தார்கள் என்பதெல்லாம் கூடவே வரும். ஆகவே ஒரு மொழிக்குக் குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் பெண் அல்லது இளையவர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

குழுவில் இடம்: ஆலோசனைக்கா, முடிவுக்கா?

அடுத்த வழி, குழுவிலேயே இடம் ஒதுக்குவது. இதில் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது முற்றிலும் வேறாக இருக்கும். ஜெர்மனியின் பல நகரங்களில் வெளிநாட்டவர் மன்றங்களும் ஒருங்கிணைப்பு மன்றங்களும் உண்டு. குடியுரிமை இல்லாதவர்களும் அவற்றுக்கு வாக்களிக்கலாம். ஆனால் அவை ஆலோசனைதான் சொல்ல முடியும். நகர மன்றம் கேட்டுக்கொண்டு வேறு முடிவு எடுக்கலாம். வாக்களிக்க வருபவர்கள் மிகவும் குறைவு என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் குறை. அதை ஆர்வமின்மை என்று மட்டும் நான் படிக்க மாட்டேன். அதிகாரம் இல்லாத மன்றத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை யார் செலவழிப்பார்கள்?

இதற்கு நேர் எதிரான உதாரணம் பாஸ்டனின் டட்லி தெருப் பகுதி. ராக்ஸ்பரியில் இருக்கும் இந்த இடத்தில் 1980களின் நடுவில் சுமார் 1,300 மனைகள் காலியாகக் கிடந்தன; வெளியாட்கள் வந்து குப்பை கொட்டிவிட்டுப் போனார்கள். கறுப்பர்கள், கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், வெள்ளையர்கள் என நான்கு சமூகங்கள் அங்கே இருந்தன. ஓர் அறக்கட்டளையும் சில தொண்டு அமைப்புகளும் சேர்ந்து, பகுதியைச் சீரமைக்க ஒரு நிர்வாகக் குழுவுக்குத் திட்டம் போட்டன. 1985இல் அதை மக்கள் முன் வைத்தபோது, "உங்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று மக்கள் திருப்பிக் கேட்டார்கள். குழுவில் பகுதிவாசிகளுக்கு ஒருசில இடங்களே இருந்தன. ஏற்பாட்டாளர்கள் பின்வாங்கிப் போய், குழுவின் அமைப்பையே மாற்றினார்கள். பகுதிவாசிகளுக்குப் பெரும்பான்மை, நான்கு சமூகங்களுக்கும், எண்ணிக்கையில் பெரியது சிறியது பார்க்காமல், சமமான இடங்கள்.

எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதம்தான் நியாயம் என்று நமக்கு உடனே தோன்றும். ஆனால் விகிதப்படி ஒரே ஓர் இடம் கிடைத்தவர் எப்போதும் தோற்கும் வாக்காகவே இருப்பார். சம இடம் என்றால் ஒரு சமூகம் இன்னொன்றை ஒதுக்கிவிட்டு எதையும் நிறைவேற்ற முடியாது. பேசித்தான் ஆக வேண்டும். 1988இல் பாஸ்டன் நகரம் இந்த அமைப்புக்கு ஓர் அபூர்வமான அதிகாரத்தைத் தந்தது: வரையறுத்த பகுதியில் தனியாருக்குச் சொந்தமான காலி மனைகளைக் கையகப்படுத்தும் உரிமை. நிலத்தைச் சமூக நில அறக்கட்டளை ஒன்றின் பெயரில் வைத்துக்கொண்டு, வீடுகளை நீண்ட காலக் குத்தகை முறையில் கொடுத்தார்கள். நிலத்தின் விலை ஏறினாலும் வீடு கைக்கெட்டும் விலையிலேயே இருக்க அது வழி செய்தது. மூன்றாவது கேள்விக்கு இவ்வளவு திடமான பதில் வேறு எங்கும் எனக்குத் தெரியவில்லை. ஒதுக்கிவிட்டால் என்ன செய்வார்கள்? ஒதுக்கவே முடியாது, நிலமே அவர்கள் கையில்.

ஆனால் இந்த அமைப்பில் நாலு சமூகங்களுக்கென்று இடங்களைப் பிரித்தாயிற்று. ஐந்தாவதாக ஒரு சமூகம் வந்தால் எங்கே உட்காரும்? ஒதுக்கீட்டு முறையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள், சில ஆண்டுக்கு ஒருமுறை இடங்களை மறுபரிசீலனை செய்யும் விதியை முதல் நாளே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்றால், இடம் வைத்திருப்பவர்கள் எழுத விடமாட்டார்கள்.

இங்கிலாந்தின் வழியையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2011இன் உள்ளாட்சிச் சட்டப்படி, ஊராட்சி மன்றம் இல்லாத இடங்களில் குறைந்தது 21 பேர் சேர்ந்து பகுதி மன்றம் அமைத்து, சட்ட வலிமை உள்ள திட்டத்தை எழுதலாம். அங்கே குடியிருப்பவரோ வேலை செய்பவரோ சேரலாம், குடியுரிமை தடையில்லை. ஆனால் திட்டம் கடைசியில் வாக்கெடுப்புக்குப் போகும். அதில் உள்ளாட்சித் தேர்தல் வாக்குரிமை உள்ளவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டவருக்கு அந்த உரிமை உண்டு. பக்கத்து வீட்டு சோமாலியருக்கு, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்காதவரை, இல்லை. எழுத உதவியவரே தன் எழுத்துக்கு வாக்களிக்க முடியாது. இலண்டனின் ஸ்டாம்ஃபர்டு ஹில்லில் இரண்டு தரப்பினர் போட்டி போட்டு இரண்டு மன்றங்களுக்கு விண்ணப்பித்ததும், மாநகராட்சி இரண்டையும் ஏற்க மறுத்ததும் நடந்தது. தானாக முன்வருபவர்களிடம் பொறுப்பை விட்டுவிட்டால், ஏற்கெனவே ஒழுங்காகத் திரண்டிருப்பவர்களே முன்வருவார்கள்.

பங்கேற்பு பட்ஜெட்

நகரின் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே வாக்களித்து முடிவு செய்யும் முறை இது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இல் தொடங்கியது. 2011இல் நியூயார்க்கின் நான்கு கவுன்சிலர்கள் தங்கள் வட்டாரத்துக்கு 10 லட்சம் டாலர் அளவில் ஒதுக்கி இதைக் கொண்டுவந்தார்கள். குடியுரிமை கேட்பதில்லை, பல மொழிகளில் வாக்குச்சீட்டு உண்டு, பதின்வயதினரும் வாக்களிக்கலாம். பணம் உண்மை, முடிவும் உண்மை. முதல்முறை வருகிறவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. ஆனால் பள்ளிக் கழிப்பறை, விளையாட்டுத் திடல், மரம் என்ற அளவில்தான் இது நிற்கும். எட்டு மாடிக்கு அனுமதியா, வாடகை என்ன ஆகும் என்பதெல்லாம் இந்த வாக்குச்சீட்டில் வராது. பகுதித் திட்டத்துக்கு மாற்றாக இதைக் காட்டினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கையால் செய்து காட்டும் பட்டறைகள்

லாஸ் ஏஞ்சலஸில் ஜேம்ஸ் ரோஹாஸ் என்ற திட்டமிடுநர் நடத்தும் பட்டறைகளில் வரைபடமே கிடையாது. பொத்தான், மணி, பழைய பொம்மைத் துண்டு, நூல் என்று ஒரு குவியலை மேசையில் கொட்டி, "சின்ன வயதில் உங்களுக்குப் பிடித்த இடத்தைச் செய்து காட்டுங்கள்" என்கிறார். படித்தவர், படிக்காதவர், மொழி தெரியாதவர் என்ற வேறுபாடு அங்கே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்க அருமையான வழி.

கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கிறது? கோபன்ஹேகனின் நோரெப்ரோவில் 2012இல் திறந்த சூப்பர்கீலன் பூங்காவைப் பார்க்க வேண்டும். 60க்கும் மேற்பட்ட நாட்டுப் பின்னணி கொண்ட மக்கள் வாழும் பகுதி. அவர்களிடம் கேட்டு, மொரோக்கோ நீரூற்று, தாய்லாந்து குத்துச்சண்டை மேடை, ஜமைக்கா ஒலிபெருக்கி என்று பல நாட்டுப் பொருட்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாலஸ்தீனத்திலிருந்து மண்கூட வந்தது. உலகமே அதைப் பாராட்டியது. குழந்தைகளுக்கும் அது நல்ல இடம்தான்.

பூங்காவை ஒட்டியே மியோல்னர்பார்க்கன் என்ற குடியிருப்பு இருக்கிறது. 2018இல் டென்மார்க் ஒரு சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தது. வருமானம், வேலை, குற்றம் போன்ற அளவுகோல்களோடு, 'மேற்கத்தியமல்லாத' பின்னணி கொண்டவர்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்களா என்பதையும் பார்த்து ஒரு குடியிருப்பைப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் தொடர்ந்து இருந்த இடங்களில் குடும்பங்களுக்கான பொதுக் குடியிருப்பை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது சட்டம். மியோல்னர்பார்க்கனும் அதில் வந்தது. குடியிருப்பின் ஒரு பகுதியை விற்கும் திட்டம் வந்தது. குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த மக்களிடம் உங்கள் நாட்டு நீரூற்றை எங்கே வைக்கலாம் என்று கேட்டார்கள். உங்கள் வீடு இருக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டையும் முடிவு செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள்தான், பூங்காவை வடிவமைத்தவர்கள் மீது பழி போடவில்லை. ஆனால் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தங்கள் திட்டத்தைத் தாங்களே போடுவது

எல்லா வழியும் அடைபட்டபோது மக்கள் எடுக்கும் வழி இது. வட இலண்டனின் செவன் சிஸ்டர்ஸ் நிலையத்துக்கு மேலே கொலம்பியர்கள் உள்ளிட்ட லத்தீன் அமெரிக்கர்கள் நடத்திய சந்தை இருந்தது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட அனுமதி கிடைத்தது. வியாபாரிகளும் பகுதி மக்களும் வழக்குப் போட்டார்கள். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. இனச் சமத்துவத்தைக் கருத்தில் கொள்ளும் சட்டக் கடமையை மாநகராட்சி நிறைவேற்றவில்லை என்பதே காரணம். கட்டுமான நிறுவனம் திருத்திய திட்டத்தோடு மறுபடியும் அனுமதி வாங்கியது. இதற்கிடையில் மக்கள், இருக்கும் கட்டடத்தைச் செப்பனிட்டுச் சந்தையைத் தக்கவைக்கும் தங்கள் சொந்தத் திட்டத்தை வரைந்து, அதற்கு 2014இல் முறைப்படி திட்ட அனுமதியும் பெற்றார்கள். 2021இல் நிறுவனம் விலகிக்கொண்டது.

அவர்கள் வென்றதற்கு எதிர்த்தது மட்டும் காரணமில்லை. கையில் மாற்றுத் திட்டமும் இருந்தது. அமெரிக்கத் திட்டமிடுநர் பால் டேவிடாஃப் 1965இலேயே சொன்னதுபோல, வழக்குக்கு வக்கீல் இருப்பதைப் போல மக்கள் தரப்புக்கும் ஒரு திட்டமிடுநர் வேண்டும். ஆனால் பத்தாண்டுக்கு மேல் இழுத்த போராட்டம் அது. கடை நடத்திக்கொண்டே கூட்டம், நீதிமன்றம், மனு என்று அலைந்த மனிதர்களின் நேரத்துக்கு யாரும் ஈடு தரப் போவதில்லை. ஒரு நகரம் இந்த வழியைத் 'தேர்ந்தெடுக்க' முடியாது. ஆனால் சமூகங்கள் தங்களுக்கென ஒரு திட்டமிடுநரை அமர்த்திக்கொள்ளப் பணம் ஒதுக்கலாம்.

சரி, எதை எடுப்பது?

பணம் குறைவு, ஒரே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் தொடர்பாளர்களையே எடுப்பேன். மற்ற எல்லா வழிக்கும் அவர்கள் தேவைப்படுவார்கள். பட்ஜெட் வாக்கெடுப்போ பட்டறையோ ஆள் சேராமல் தோற்பது பெரும்பாலும் இவர்கள் இல்லாததால்தான். நிலமும் பணமும் கை மாறப்போகிற பெரிய திட்டம் என்றால் தொடர்பாளர்கள் போதாது. குழுவில் இடம் வேண்டும். அதுவும் முடிவை நிறுத்தி வைக்கும் உரிமையோடு. அந்த உரிமையைத் தர நகரம் தயாரில்லை என்றால், குழுவுக்கு ஆள் அழைப்பதைவிட மக்களுக்கு ஒரு திட்டமிடுநரை அமர்த்தித் தருவது நேர்மையானது.

மூன்று மாதம்தான் இருக்கிறது, உயரமும் அடர்த்தியும் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்ற நிலையும் வரும். அப்போது "உங்கள் கனவுப் பகுதி எப்படி இருக்க வேண்டும்" என்று கேட்கவே கூடாது. முடிவானது இது, இன்னும் திறந்திருப்பது இவ்வளவுதான் என்று அழைப்பிதழிலேயே எழுதி, அந்த அளவுக்குள் மட்டும் கேட்க வேண்டும். நடைபாதையும் விளக்கும் மட்டும்தான் மிச்சம் என்றால் அதைச் சொல்லிவிடலாம். மக்கள் அதற்கும் வருவார்கள்.

எந்த வழியை எடுத்தாலும் ஒப்பந்தத்தில் சில வரிகள் எழுதியிருக்க வேண்டும். பங்கேற்பவருக்கு மணிக்கு எவ்வளவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள யார், வருகைப் பதிவேட்டில் முகவரி கேட்பதில்லை, குடியேற்ற நிலை கேட்பதில்லை. அப்புறம், வரைவு தயாரானதும் அதே ஆட்களிடம் அதே மொழியில் திரும்பிப் போகும் தேதி. அன்றைக்குக் கையில் கொண்டுபோக வேண்டியது ஒரு பட்டியல்: நீங்கள் சொன்னது இது, இந்தப் பக்கத்தில் சேர்ந்திருக்கிறது, இது சேரவில்லை, காரணம் இது, ஏற்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்ய இத்தனை நாள் இருக்கிறது.